ஒத்தைக் கறுப்புப் பொம்மை

பொம்மைக்கு என்ன விமர்சனம் வேண்டிக் கிடக்கு என்று தோழர்கள் கேட்கலாம். பொம்மையும் ஒரு பிரதிதான். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய 'அமெரிக்கன் கேர்ள்' வரிசை, வரலாற்றுச் சிறுமிகளைப் பொம்மையாக்கிக் கதைப் புத்தகத்தோடு விற்கிறது. முதல் நாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். 1993இல்தான் ஆடி வாக்கர் வந்தாள். 1864இல் வட கரோலினாவிலிருந்து தாயோடு தப்பி ஓடும் அடிமைச் சிறுமி. கதையை எழுதியவர் கோனி போர்ட்டர், கறுப்பினப் பெண்.

புகையிலைச் செடியில் புழு பொறுக்கும்போது சிலதை விட்டுவிட்டாள் என்று கங்காணி அந்தப் புழுவையே ஆடியின் வாயில் திணிக்கிறான். குழந்தைக்கு இதையா கொடுப்பது என்று கறுப்பினத்தவரிலேயே சிலர் கொதித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாணிப்பால் குடிக்க வைத்த கதையைப் பாட்டி சொல்லித்தான் நான் கேட்டேன். எம்.ஏ. பாடத்தில் அது கிடையாது. அந்தப் பக்கம் இருக்கட்டும்.

என் கோபம் வேற. 2011 வரை அந்த வரலாற்று வரிசையில் கறுப்புப் பிள்ளை இவ ஒருத்திதான். வெள்ளைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ காலம், எத்தனையோ வாழ்க்கை. இவளுக்கு அடிமைத்தனம் மட்டும். கலைஞர்கள் நடுவே வளரும் 1920களின் ஹார்லெம் பிள்ளை கிளாடி வர 2022 ஆயிற்று.

ஆடிக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. தளபதி லீ சரணடைந்த ஏப்ரல் 9ஐத் தானே எடுத்துக்கொள்கிறாள். அங்கே கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். என் அம்மாவின் பிறந்தநாள் வாத்தியார் போட்ட தேதி.

கதையில் ஆடியின் அம்மா கந்தல் துணிக்குள் அவரைக்கொட்டை அடைத்து மகளுக்கு ஒரு பொம்மை தைக்கிறாள். பேர் ஐடா பீன். 80 டாலருக்கு மேல் ஆடியை விற்ற கம்பெனி, அந்தக் கந்தல் பொம்மையையும் தனியா விலை போட்டு விற்றது.