கழியா, கழிவா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கிளம்பிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூருக்கு வந்து சேர்ந்தது. படகு, வலை, நண்டு, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. அந்த வாரச் செய்திகளைக் கவனித்தீர்களா? எண்ணெய் படிந்த இடத்துக்கு ஆளாளுக்கு ஒரு பெயர். முகத்துவாரம், ஆறு, கால்வாய், கடல்... கொஞ்சம் ஸ்டைலாக 'க்ரீக்'. அதற்குத் தமிழில் ரொம்பப் பழைய பெயர் ஒன்று உண்டு. கழி.

கடல் நிலத்துக்குள் கை நீட்டியிருக்கிற இடம் கழி. ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது திரும்பிப் போகும். மேலேயிருந்து ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கும். சங்கப் பாடல்களில் நெய்தல் திணையைப் புரட்டிப் பாருங்கள். கழி வந்துகொண்டே இருக்கும். ராத்திரி அதைக் கடந்து தலைவன் வரவேண்டும், உள்ளே சுறாவும் முதலையும் இருக்கிறதே என்று தலைவி பக்கத்தில் கவலைப்படுவார்கள். ரெண்டாயிரம் வருஷத்து வார்த்தை. இன்றைக்குக் கழி என்றால் பசங்களுக்குக் கணக்குப் பாடம். பெரியவர்களுக்குக் கழிவு, கழிப்பறை.

அதன் இடத்தில் உட்கார்ந்திருப்பது 'முகத்துவாரம்'. கேட்க கம்பீரமான வார்த்தைதான். ஆனால் அது ஆறோ கழியோ கடலைச் சந்திக்கிற வாய். அவ்வளவுதான். எண்ணூர்க் கழி முழுவதையும் முகத்துவாரம் என்பது, வாசற்படியைக் காட்டி இதுதான் வீடு என்பது மாதிரி. இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. வாசலில் சேர்ந்த மணலை அள்ளிவிட்டால் வீட்டைச் சுத்தம் செய்ததாகக் கணக்குக் காட்டிவிடலாம். உள்ளே அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருஷக்கணக்காகப் படிந்து கிடப்பது அந்த வார்த்தைக்குள் வராது.

'கழிமுகம்' பரவாயில்லையா என்றால், அதிலும் குழப்பம். சிலர் டெல்டாவையே கழிமுகம் என்று எழுதுகிறார்கள். தஞ்சாவூர் நெல்வயலுக்கும் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்கும் ஒரே வார்த்தை என்றால் படிக்கிறவன் என்ன செய்வான், பாவம்.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. ஒரு பக்கம் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, கடலுக்குத் திறந்த வாய்கள், ஓதத்தோடு உள்ளே வரும் மீனும் இறாலும். நாம் வைத்திருக்கும் பெயர் பழவேற்காடு ஏரி! ஏரி என்றால் நமக்குக் கரை, மதகு, கலங்கல். செம்பரம்பாக்கத்தின் பெரியண்ணன் என்றுதானே தோன்றும்? முகத்துவாரத்தை மணல் மூடும்போதெல்லாம் அங்கே மீனவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பது 'ஏரி' என்று கேட்பவருக்கு விளங்காது. ஏரிக்கு எதற்குக் கடல் வாசல் என்பார்.

இத்தனைக்கும் நமக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. இலங்கையில் இதே பொருளில் 'களப்பு' என்கிறார்கள். மட்டக்களப்பு என்று ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 'காயல்' மலையாளம் என்று நினைக்கிறோம். காயல்பட்டினமும் பழையகாயலும் தாமிரபரணி கடலில் சேரும் பக்கத்து ஊர்கள்தானே? மார்க்கோ போலோ எழுதிவைத்த 'காயில்' அந்தப் பழையகாயல்தான் என்கிறார்கள். குமரி மாவட்டத்தில், மணல் மூடுவதும் உடைவதுமாக இருக்கும் ஆற்று வாய்க்கு 'பொழிமுகம்'. எவ்வளவு துல்லியம்! ஆங்கிலம் ஃபியோர்டை நார்வேயிடமும் லகூனை இத்தாலியிடமும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டது. நாம் நாகர்கோவிலிடம் வாங்கவே யோசிக்கிறோம்.

கொஞ்சம் பெரிய சைஸுக்குப் போனால் விரிகுடா, வளைகுடா. வங்காளம் விரிகுடா, மன்னார் வளைகுடா. என்ன வித்தியாசம் என்றால் பலருக்குப் பெரிசு, சின்னது என்று ஒரு ஞாபகம். அப்படியானால் பாக் விரிகுடா ஏன் அத்தனை சின்னதாக இருக்கிறது? ஆங்கிலத்தில் 'பே' என்று இருந்தால் விரிகுடா, 'கல்ஃப்' என்று இருந்தால் வளைகுடா என்று மாற்றிப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். ராமேஸ்வரத்துக்காரர்கள் இந்த வம்பே இல்லாமல் வடக்கே அமைதியான கடலைப் பெண் கடல், தெற்கே அலையடிக்கும் கடலைப் ஆண் கடல் என்றார்கள். படகு எடுக்கிறவனுக்கு எது உபயோகமோ அதுதான் பெயர்.

'சரி சார், பெயரில் என்ன இருக்கிறது?' என்பீர்கள். சட்டம் இருக்கிறது. 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலோடு சேர்த்து ஓதம் எட்டுகிற விரிகுடா, எஸ்சுவரி, க்ரீக், ஆறு, பேக்வாட்டர் என்று பட்டியல் போட்டுக் கட்டுப்பாடு விதித்தது. 2011-ல் கழியோரத்தில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது எல்லை. 2019-ல் அந்த 100 சுருங்கி 50 ஆனது. சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, ஓதம் வருகிறதா என்றுதான் பார்க்கிறது. வாஸ்தவம். ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து ஆட்சேபம் சொல்ல வேண்டியவர் தமிழில் படிக்கிறார். 'ஓதம்' என்றால் அவருக்குச் சுவரில் பூக்கிற ஈரம். அந்த மூன்று ஆங்கில வார்த்தைகளுக்கும் ஒரே 'முகத்துவாரம்' என்று போட்டுக் கொடுத்தால், தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் அந்தப் பட்டியலில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நிருபர்களுக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் ஒரு சின்ன சிபாரிசு. வாய்க்கு முகத்துவாரம். உள்ளே நீளும் உப்புத் தண்ணீருக்குக் கழி. மணல்திட்டுக்குப் பின்னால் பரந்து நிற்பதற்குக் காயல் அல்லது களப்பு. டெல்டாவுக்கு டெல்டாவே போதும், விவசாயிகளே அப்படித்தான் சொல்கிறார்கள்.

கடலோரத்து வாசகர்கள், உங்கள் ஊரில் இதற்கெல்லாம் என்ன பெயர் என்று எழுதுங்கள். அகராதியைப் பார்க்காமல், வலை போடுகிற பெரியவர் யாரையாவது கேட்டு.