பாலமும் பத்திரமும்

நாவல் எழுதுகிறவன் பொறாமைப்படக்கூடிய சரித்திர நூல்கள் சில உண்டு. ராபர்ட் காரோ 1974இல் வெளியிட்ட ‘தி பவர் புரோக்கர்’ அவற்றில் ஒன்று. நியூயார்க்கின் சாலைகளையும் பாலங்களையும் கட்டிய ராபர்ட் மோஸஸின் கதை அது. 1934இல் கவர்னர் பதவிக்கு நின்று படுதோல்வி அடைந்த இந்த மனிதர், மேயர்களையும் கவர்னர்களையும் நாற்பது வருஷம் ஆட்டிவைத்தார்.

எப்படி என்பதில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. டிரைபரோ பாலம் 1936இல் திறக்கப்பட்டது. சுங்க வசூலில் கடன் அடைந்ததும் பாலத்தை நடத்திய ஸ்தாபனம் கலைந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய கடன் தீருமுன் புதுக் கடன் பத்திரம் வெளியிடலாம் என்று மோஸஸ் சட்டத்தைத் திருத்த வைத்தார். பத்திரம் என்றால் ஒப்பந்தம். அதைக் குலைத்துச் சட்டம் செய்ய அமெரிக்க அரசியல் சாசனம் மாநிலங்களை விடுவதில்லை. பத்திரம் உள்ளவரை ஸ்தாபனம். ஸ்தாபனம் உள்ளவரை மோஸஸ்! வறண்ட சட்ட வாசகத்தைத் துப்பறியும் கதைபோலப் படிக்க வைத்துவிடுகிறார் காரோ.

இந்த அதிகாரத்துக்கு விலை கொடுத்தவர்களை ‘ஒரு மைல்’ என்ற அத்தியாயத்தில் பார்க்கிறோம். பிராங்க்ஸ் வட்டாரத்தைக் குறுக்கே பிளந்த பெருஞ்சாலைக்காகக் கிழக்கு டிரெமாண்டில் ஏறக்குறைய 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. பாதையைச் சற்றே தள்ளியிருந்தால் பெரும்பாலான வீடுகள் பிழைத்திருக்கும். அந்த ஜனங்கள் மனுவோடு படியேறி இறங்குவதைப் படித்தபின் மேலே பக்கம் புரட்ட மனம் வருவதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரு மனிதரின் குணத்திலேயே கொண்டுபோய் முடிக்கிறார் ஆசிரியர். மோஸஸ் இல்லாத டெட்ராய்ட்டிலும் பெருஞ்சாலைகள் குடியிருப்புகளை அழித்தன. மாநிலங்களை இணைக்கும் சாலைகளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செலவை மத்திய சர்க்கார் ஏற்பதாக 1956ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னபோது, எந்த நகரம் வேண்டாமென்று சொல்லும்?

சுங்கமும் பத்திரமும் மட்டும் என்ன பாவம் செய்தன? 1968இல் டிரைபரோ ஸ்தாபனம் புதிய போக்குவரத்து வாரியத்தோடு இணைந்தது. மோஸஸ் ரயிலுக்குத் தராத சுங்க மிச்சம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போயிற்று. 2025 ஜனவரியில் மன்ஹாட்டனில் தொடங்கிய நெரிசல் கட்டணமும் அதே வழியில்தான், கடனுக்கு ஈடாகி ரயில் பாதைகளைச் செப்பனிட வந்தது.

ஆகவே, இதைக் கொடுங்கோலன் ஒருவனின் கதையாக மட்டும் படிப்பவருக்குப் பாதிப் புத்தகம் நஷ்டம். நகரத் திட்டம் எதுவானாலும் கடனுக்குக் கையெழுத்திடுவது யார், வீடு இடிபடுகிறவனின் பேச்சைக் கேட்பது யார் என்று பார்க்கச் சொல்லித் தருகிறது இந்த நூல். பெரிய நாவல்களில்கூட அபூர்வமாகக் கிடைக்கும் படிப்பினை இது.