சிற்றரங்கின் இசை: யாழ்ப்பாணத்துப் பொப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்து இசை பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இரு எல்லைகளுள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, கோயில் வீதிகளில் வளர்ந்த நாதஸ்வர, தவில் மரபு. தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933-1975) அதன் சிகரம். மற்றையது, 1960 இல் மருதனார்மடத்தில் தோன்றிப் பின்னர் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் அக்கடமி பேணிய கருநாடக இசை. இவற்றின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயினும், சனசமூக நிலைய முற்றத்திலும் பாடசாலை மண்டபத்திலும், கித்தாரும் சில தாளக் கருவிகளும் துணைநிற்க, தாமே எழுதி மெட்டமைத்துப் பாடியோரின் இசை எவ்வித மதிப்பீட்டுக்கும் உட்படாது போனமை நியாயமாகாது.

அறுபதுகளின் பிற்கூறிலும் எழுபதுகளிலும் ஈழத்தில் பரவிய பொப் இசையை இங்குக் கருதுகின்றோம். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அதன் முன்னோடிகளுள் முதன்மையானவர். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகியன அவரது புகழ்பெற்ற பாடல்கள். இவ்விசை பெரிதும் பைலாத் தாளத்தைத் தழுவியது. பைலாவோ, போர்த்துக்கேயர் காலத் தொடர்பாலும் ஆபிரிக்க வழிவந்தோராலும் இலங்கைக் கரையோரங்களில் வேரூன்றிச் சிங்கள மக்களிடையே பெருவழக்குப் பெற்ற வடிவம். எனவே, இது இரவல் இசை எனத் தூய்மைவாதிகள் கூறக்கூடும். ஆனால், அவ்விரவல் தாளத்தில் ஏறிய மொழி எது? தமிழகத் திரைப்பாடல்கள் எங்கும் ஒலித்த காலத்தில், யாழ்ப்பாண வீட்டு முற்றத்துப் பேச்சும் உறவுமுறையும் கேலியும் இப்பாடல்களில் இடம்பெற்றன. வடிவத்தை வெளியிலிருந்து பெற்று உள்ளடக்கத்தை மண்ணிலிருந்து எடுத்தல் எக்கலைக்கும் இயல்பே.

இவ்விசையின் பண்பைச் சிற்றரங்கே பெரிதும் நிர்ணயித்தது. பாடுவோனும் கேட்போரும் ஒருவரையொருவர் அறிவர். பல்லவியைச் சபையே பாடும். கேலி எவரைச் சுட்டுகின்றதென்பதும் சபைக்குப் புரியும். இங்குக் கேட்போர் வெறும் நுகர்வோரல்லர், ஆக்கத்தின் பங்காளிகள்.

ஆனால், இவ்வணுக்கமே இதன் எல்லையையும் வகுத்தது. அறிந்தோர் முன் பாடுபவன் அவர்களைச் சிரிக்கவைக்க முனைவானேயன்றிச் சினக்கவைக்க எளிதில் துணியான். 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்து எழுச்சி ஊர்வலமும், அதனையடுத்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் குடாநாட்டை உலுக்கிய காலத்தை ஒட்டியே இவ்விசை வளர்ந்தது. எனினும், கள்ளுக்கடை இங்குக் குடிப்பவனுக்கான அறிவுரையாகவே பாடலாயிற்று; கள்ளிறக்கும் தொழிலாளியின் சாதி இழிவு பாடுபொருளாகவில்லை. பெண்ணும் பெரும்பாலும் கேலியின் பொருளாகவே நின்றாள், பாடுவோளாக அன்று. நடுத்தர வர்க்கத்து இளைஞரின் நகைச்சுவை தன் வாயிற்படியைத் தாண்டவில்லை எனலாம்.

பின்னர் வந்த போர் இத்தகைய கூடல்களைச் சிதைத்தது. 1990 இன் பின் மின்சாரமிழந்த குடாநாட்டில், துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றியே மக்கள் வானொலி கேட்டனர். 1995 இன் பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் கையிலகப்பட்டதை மட்டுமே கொண்டு வெளியேறினர். ஏட்டிலும் ஏறாது, நிறுவனக் காப்பும் பெறாது வாழ்ந்த கலைக்கு இத்தகைய இழப்பு பன்மடங்காகும். அச்சேறிய கவிதை எங்கேனும் ஒரு பிரதியில் எஞ்சும். முற்றத்தில் பாடப்பட்ட பாட்டு, பாடியோர் சிதறியதும் மறையும்.

இன்று யாழ்ப்பாணத்து இளைஞர் சொல்லிசையும் புதுப் பாடல்களும் தாமே ஆக்குகின்றனர். கருவிகள் மாறியுள்ளன, பிரச்சினை மாறவில்லை. அவர்களைப் புறக்கணித்தலும் ஊர்ப்பற்றினால் மட்டும் புகழ்தலும் ஒரே தவறின் இரு வடிவங்களே. யார் பாடுகின்றனர், யாரைப் பாடாது விடுகின்றனர், எந்த மொழியில், எவர் முன் என்னும் வினாக்களை அவர்கள்பால் எழுப்புவதே திறனாய்வாளர் அவர்களுக்கு அளிக்கக்கூடிய மெய்யான மரியாதை. முன்னைய தலைமுறைப் பாடகருக்கு அம்மரியாதையை நமது கல்வியுலகம் வழங்கவில்லை. எஞ்சியுள்ள ஒலிநாடாக்களையும் நினைவுகளையும் திரட்டுவதிலிருந்து அப்பணி தொடங்கவேண்டும். அவற்றை நினைவுகூரக்கூடியோர் நம்மிடையே உள்ளபோதே அது நிகழவேண்டும்.