இசையும் ஈகையும்

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்னும் வழக்கு நம்மிடையே நெடுநாளாக நடந்து வருகிறது. வாதிடுவோர் இரு பக்கத்திலும் உண்டு. தீர்ப்புத்தான் இன்னும் கிடைத்தபாடில்லை. இவ்வழக்கில் சாட்சியாக அழைக்கத்தக்க நிகழ்ச்சியொன்று மேலை நாட்டு இசை வரலாற்றில் இருக்கிறது. 1971 ஆகஸ்டு 1ஆம் நாள் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்குயர் கார்டனில் நடைபெற்ற வங்காள தேச நிதிக் கச்சேரியே அது.

1970 நவம்பரில் கிழக்கு வங்கத்தைப் புயல் சூறையாடியது. அடுத்த மார்ச்சில் இராணுவ ஒடுக்குமுறை தொடங்கிற்று. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை கடந்து இந்தியாவில் தஞ்சம் புகுந்தனர். வங்க மரபில் வந்த சிதார்க் கலைஞர் ரவிசங்கர், தம்மிடம் சிதார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசனிடம் இத்துயரை எடுத்துரைத்தார். பீட்டில்ஸ் குழு பிரிந்து ஓராண்டே கழிந்திருந்தது. மேடைகளை விட்டு ஹாரிசன் விலகியிருந்த காலம் அது. எனினும் சில வாரங்களுக்குள் ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், பில்லி பிரெஸ்டன், லியோன் ரசல் ஆகியோரைத் திரட்டினார். மேடைப் பக்கம் அரிதாகவே தலைகாட்டி வந்த பாப் டிலனும் வந்தார். ஒரே நாளில் இரண்டு காட்சிகள். கேட்டோர் ஏறத்தாழ 40,000 பேர்.

கச்சேரி ரவிசங்கரின் சிதாரோடும் அலி அக்பர் கானின் சரோதோடும் தொடங்கியது. அல்லா ரக்கா தபேலா வாசித்தார். சிதாரும் சரோதும் ஒரே ஆசானிடம் கற்றவை. கிழக்கு வங்கத்துச் சிவபூரில் பிறந்த உஸ்தாத் அலாவுதீன் கானே அந்த ஆசான். அலி அக்பரின் தந்தை. அன்று அவர் முதுமையில் மைஹரில் உயிரோடிருந்தார். அவருடைய மகனும் மாணவரும் அவர் பிறந்த மண்ணுக்காக அயல் நாட்டில் வாசித்தார்கள் என்பதை எண்ணும்போது அந்த நாட்டுப்புற மெட்டு நமக்கு வேறொரு பொருள் தருகிறது.

வாசிப்பதற்கு முன்னர்க் கலைஞர்கள் சுருதி கூட்டினர். அதையே இசையென்று கருதி அரங்கம் கைதட்டியது. சுருதி கூட்டியதையே இவ்வளவு இரசித்தவர்கள் வாசிப்பை இன்னும் மிகுதியாக இரசிப்பார்கள் என்று ரவிசங்கர் நகைச்சுவையாகக் கூறினார். அறியாமையென்று இதை எள்ளி நகையாடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு மக்களின் இசை இன்னதென்று அறியாதவர்களும் அம்மக்களின் பசிக்காகத் திரண்டு வந்தார்கள். அறிந்தபின்தான் இரங்க வேண்டுமென்பது எந்த அறநூலின் விதி?

ஹாரிசன் இதற்கெனவே எழுதிய பாடலைக் கவிதையென்று நோக்கினால் குறைகள் தென்படும். சொற்கள் எளியவை, முறையீட்டு மனுவின் சாயல் உடையவை. ஆயின் வீடு தீப்பற்றி எரிகையில் கூவி அழைப்பவனிடம் அணியிலக்கணம் தேடுவார் யார்? அன்றைய மேடையில் கலைச்சிறப்பால் ஓங்கி நின்றவை சிதார்-சரோத் இணை வாசிப்பும், மிகக் குறைந்த பக்கவாத்தியத்துடன் டிலன் பாடியவையுமே என்பது நம் கருத்து.

நமக்கு உறுத்தலாக நிற்பது வேறொன்று. நுழைவுச் சீட்டில் கிடைத்த ஏறத்தாழ 2,43,000 டாலர் சில நாட்களிலேயே ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பெருந்தொகை இசைத்தட்டிலும் திரைப்படத்திலுமே வந்தது. அறநிதிக்குரிய வரிவிலக்கை முன்கூட்டியே முறைப்படி பெறாத காரணத்தால், அப்பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க வரித்துறையின் பிடியில் பத்தாண்டளவு முடங்கிக் கிடந்தது. மூன்று தட்டுகள் கொண்ட அத்தொகுப்பின் அட்டையில் வெறும் தட்டின் முன் அமர்ந்திருக்கும் எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படம் இருக்கிறது. பத்தாண்டுக்குப்பின் வரும் சோறு அந்தக் குழந்தைக்கு எதற்கு?

பிறர் பொருட்டுத் திரட்டிய பணம் அமானிதம். அதனை உரியவரிடம் உரிய வேளையில் சேர்ப்பதும் கடமையின் பாதி. நல்லெண்ணத்தில் ஹாரிசன் குறை வைக்கவில்லை. கணக்கில் குறை நேர்ந்தது. பின் வந்தோர்க்கு அக்குறையே படிப்பினையாயிற்று. 1985இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக ‘லைவ் எய்ட்’ கச்சேரி நடத்தியவர்கள் அறக்கட்டளையை முன்னதாகவே நிறுவிக்கொண்டார்கள்.

ஆகவே நம் சாட்சி இரு திறத்தாருக்கும் ஒன்றைச் சொல்கிறது. கலை மக்களுக்காக எழுந்து நிற்க முடியும். எழுந்தபோது கலையாகவும் நிலைக்க முடியும். ஆனால் பாட்டு முடிந்து விளக்கணைந்த பின்னரும் கணக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் விழித்திருக்க வேண்டும். கைத்தட்டலை எதிர்பாராத அந்த உழைப்பும் ஈகையே.