படிமமும் தன்வரலாறும்: டெம்பிள் கிராண்டினின் எழுத்தில் அகநோக்கு

ஒருவரைப் பற்றிப் பிறர் எழுதுவதும் அவரே தம்மை எழுதுவதும் வேறுவேறானவை. ஆட்டிசம் உடையோரைப் பொறுத்தவரை நெடுங்காலம் முன்னதே வாசகர்க்குக் கிடைத்து வந்தது. தமிழில் வழங்கும் ‘மதியிறுக்கம்’ என்னும் சொல்லும் புறத்தே நின்று நோக்குவோர் இட்ட பெயரே. இந்நிலையில் அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், மார்கரெட் ஸ்காரியானோவுடன் இணைந்து 1986இல் எழுதிய ‘எமர்ஜென்ஸ்’, 1995இல் எழுதிய ‘திங்கிங் இன் பிக்சர்ஸ்’ ஆகிய தன்வரலாற்று நூல்கள் சிறப்பிடம் பெறுகின்றன.

முதல் நூலைப் படித்த நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், அதனை இணையாசிரியரே எழுதியிருக்கக்கூடும் எனத் தொடக்கத்தில் ஐயுற்றதாகப் பின்னர்ப் பதிவு செய்துள்ளார். ஆட்டிசம் உடையவர் தம்மைத் தாமே உணர இயலாது என்பது அக்கால மருத்துவக் கருத்து. கிராண்டினின் பிற எழுத்துகளைப் படித்த பின்னரே அவ்வையம் நீங்கிற்று. நூலின் தரத்தை மதிப்பிடுமுன் நூலாசிரியருக்கு அகம் உண்டு என்பதையே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இரண்டாம் நூலின் தனித்தன்மை அதன் படிமங்களில் புலப்படுகிறது. ‘நாய்’ என்னும் சொல் கிராண்டினுக்குப் பொதுமையைத் தருவதில்லை. அவர் கண்டறிந்த ஒவ்வொரு நாயும் தனித்தனியே காட்சியாக எழுகிறது. வாழ்வின் ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதை உணர, அவர் உண்மையான கதவொன்றைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அணியிலக்கணம் உவமை, உருவகங்களைச் செய்யுளுக்கு அழகு சேர்ப்பனவாகக் கொள்ளும். கிராண்டினிடம் படிமம் அணியன்று, சிந்தனையே அதுதான். கால்நடைகள் செல்லும் தடத்தில் தாமே இறங்கி, அவை மிரளும் நிழலையும் தொங்கும் சங்கிலியையும் கண்டறிய இப்பார்வையே அவருக்குத் துணைநின்றது.

எனினும், ஒருவரின் அகநோக்கு ஓர் இனத்தாரின் பொதுவிதியாகிவிடாது. ஆட்டிசம் உடையோர் அனைவரும் காட்சியாகவே சிந்திப்பர் என்னும் தம் முற்கருத்தை 2006ஆம் ஆண்டு விரிவாக்கப் பதிப்பில் கிராண்டினே திருத்தி, ஒழுங்கமைவு வழியும் சொல் வழியும் சிந்திப்போரையும் சுட்டினார். மேலும், எழுத்து கைவராதோரின் அகம் இவ்விலக்கிய வகைக்குள் இன்னும் எளிதில் இடம்பெறுவதில்லை.

நிறைவாக, இத்தகு நூல்களை நோய்ச் சான்றாகவோ வெற்றிக் கதையாகவோ மட்டும் படிப்பது குறைநோக்காகும். மொழிக்கும் அறிதலுக்குமுள்ள உறவு ஒருவகைப்பட்டதன்று என்பதை உணர்த்தும் இலக்கியமாகவே இவை திறனாய்வுக்குரியன.