ஆங்கில முன்னிடைச்சொல்லும் வேற்றுமை மயக்கமும்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவனுக்கு அம்மொழியின் நெடுஞ்சொற்கள் தரும் இடர்ப்பாடு சிறிது. குறுஞ்சொற்கள் தரும் இடர்ப்பாடே பெரிது. நெடுஞ்சொல்லின் பொருளை அகராதி கூறிவிடும். 'ஒவ்', 'டு', 'ஃபோர்', 'அட்', 'வித்' முதலாய முன்னிடைச்சொற்களோ ஒவ்வொன்றும் பல பொருள் குறித்தனவாய், ஒரு சொல்லோடு இயைவது மற்றொரு சொல்லோடு இயையாததாய் நிற்பன. அவற்றுள்ளும் பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் அடுத்து வருவனவே மாணவனைப் பெரிதும் இடறச் செய்வன. இவ்விடறலுக்கு அவனது நினைவுக்குறையே காரணம் எனக் கொண்டு, மனப்பாடம் ஒன்றையே மருந்தாகக் கூறுதல் வழக்கமாயிற்று. ஆயின், இக்குறுஞ்சொற்களின் ஆட்சியிற் பெரும்பகுதி ஒரு நெறியின்பாற்பட்டது என்பதும், அந்நெறியை மறைத்தவர் இலக்கண நூலாரிற் பலரே என்பதும், அதனைத் தெளிதற்கு வேண்டிய கருவி தமிழ் மாணவனிடத்து முன்னரே உண்டு என்பதும் ஆராய்வார்க்குப் புலனாகும்.

முன்னிடைச்சொல் ஏன் வேண்டப்படுகின்றது என்பது முதற்கண் நோக்கற்பாலது. ஆங்கில வினைச்சொல் தன் செயப்படுபொருளை இடைச்சொல்லின் துணையின்றியே ஏற்கவல்லது. வினைக்குப் பின் நிற்றலே அதற்குப் போதிய அடையாளமாம். பெயருக்கும் பெயரடைக்கும் இவ்வாற்றல் இல்லை. ஆராய்தல் எனப் பொருள்படும் 'டிஸ்கஸ்' என்னும் வினை, ஆராயப்படும் பொருளை நேரே ஏற்கும். அதன் பெயராகிய 'டிஸ்கஷன்' என்பதோ 'ஒவ்' அல்லது 'அபவுட்' என்பதன் வழியாகவே ஏற்கும். விடையளித்தலைக் குறிக்கும் 'ஆன்ஸர்' வினையாய் நின்றவழி வினாவை நேரே தழுவும். பெயராய் நின்றவழி 'டு' என்பதனை வேண்டும். அஞ்சுதலைக் குறிக்கும் 'ஃபியர்' வினையாயின் 'ஃபியர் டோக்ஸ்', நாய்களை அஞ்சு என்பதாம்; பெயராயின் 'ஃபியர் ஒவ் டோக்ஸ்'; பெயரடையாயின் 'அஃப்ரெயிட் ஒவ் டோக்ஸ்'.

இவ்வொரு விதியை உணர்ந்தவன் நம் பாடசாலைகளில் நெடுங்காலமாகத் திருத்தப்பட்டுவரும் பிழையொன்றின் வேரைக் கண்டவனாவான். 'டிஸ்கஸ் அபவுட்' என எழுதும் மாணவன் வினையையும் பெயரையும் ஒன்றெனக் கொண்டு, பெயர்க்குரியதனை வினைக்கும் ஏற்றுகின்றான். அவன் செய்தது தவறே. எனினும் காரணமற்ற தவறன்று. சிவப்பு மையாற் சொல்லை வெட்டிவிடும் ஆசிரியர் தவற்றை நீக்குகின்றார், காரணத்தை நீக்கினாரல்லர். ஆதலின் அடுத்த கட்டுரையில் 'லாக் ஒவ்' என்பது வினையின் பின் வந்து நிற்கும்.

ஆங்கிலம் எக்காலத்தும் இந்நிலையினதன்று. ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்திற் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு திரிந்தன. தகுதியுடைய, நிறைந்த என்னும் பொருளுடைய பெயரடைகள் ஆறாம் வேற்றுமையோடு ஒப்பதோர் ஈறு பெற்ற பெயரைத் தழுவின. பின்னர் அவ்வீறுகள் தேய்ந்து மறைய, அவை செய்த தொழிலை முன்னிடைச்சொற்கள் மேற்கொண்டன. பழைய நிலையின் எச்சமாக 'லைக்', 'நியர்', 'வேர்த்' என்னும் மிகச் சில சொற்கள் இன்றும் இடைச்சொல்லின்றிப் பெயரை ஏற்கின்றன. ஒரு சதம் பெறுமதியானது என்பதற்கு 'வேர்த் எ சென்ட்' என்பர். அதன் வழிப்பிறந்த 'வேர்தி' என்பதோ 'ஒவ்' இன்றி அமையாது. எனவே ஆங்கிலத்தின் முன்னிடைச்சொல் தமிழின் வேற்றுமை உருபு செய்யும் தொழிலையே பெரும்பாலும் செய்கின்றது. ஒன்று பெயர்க்கு முன்னும் மற்றொன்று பின்னும் நிற்றலே வெளிப்படையான வேறுபாடு.

இவ்வுறவை அறிந்தபின் அன்றாடத் தொடர்கள் பல தெளிவுபெறுகின்றன. நன்மையைக் குறிக்கும் 'குட்' என்பதன்பின் மூன்று இடைச்சொற்கள் வருமாற்றைக் காண்க. 'குட் அட் சம்ஸ்' என்பது கணக்கில் வல்லவன் என ஏழாம் வேற்றுமைப் பொருளை ஒக்கும். 'குட் ஃபோர் ஹெல்த்' என்பது உடல்நலத்துக்கு நல்லது எனப் பொருட்டுப் பொருளில் நான்காவதை ஒக்கும். 'குட் டு ஹிஸ் மதர்' என்பது தாயிடத்து நல்லவனாய் ஒழுகுதலைக் குறிக்கும். பெயரடை ஒன்றே, அதனோடு மற்றைப் பொருள் கொள்ளும் உறவே வேறு. அவ்வாறே, 'டயர்ட் ஃபிரொம் வாக்கிங்' என்றால் நடந்தமையாற் களைத்தவன். 'டயர்ட் ஒவ் வாக்கிங்' என்றால் நடத்தலில் சலிப்புற்றவன். 'ஃபெமிலியர்' என்பதற்கும் இஃது ஒக்கும்: மனிதன் வழியை நன்கறிந்தவன் எனின் 'வித்' வரும், வழி மனிதனுக்கு நன்கு பழகியது எனின் 'டு' வரும். அறிபவனும் அறியப்படுவதும் இடம் மாறியதனை இக்குறுஞ்சொல்லே காட்டுகின்றது.

இத்தகைய பொருள்நயம் உடைய பகுதியைப் பரீட்சைக்கான இலக்கண நூல்கள் பல நெட்டைப் பட்டியலாக அகரவரிசையில் அடுக்கி, மனப்பாடம் செய்க என விடுத்தன. பட்டியல் பயனற்றது என்பது கருத்தன்று. அகராதி வேண்டாதவன் எம்மொழியையும் கற்றானல்லன். ஆயின் அகரவரிசை, ஒத்த பொருளுடைய சொற்களைப் பிரித்து, ஒவ்வாதவற்றை அடுத்தடுத்து வைக்கின்றது. அச்சம், நாணம், பெருமிதம், பொறாமை என்னும் உள்ளநிலைகளைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகள் 'ஒவ்' என்பதனையே விரும்புவன. வல்லமை, வல்லமையின்மை ஆகியவற்றைக் குறிப்பன பல 'அட்' என்பதனைக் கொள்வன. இவ்வினங்களை ஒருங்கு கண்ட மாணவன் புதுச்சொல் ஒன்றை எதிர்ப்படும்போது ஓரளவு உய்த்துணர்வான். பட்டியலை மட்டும் ஒப்பித்தவன் பட்டியல் முடிந்தவிடத்தே நின்றுவிடுவான்.

யப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி இக்குறையை உணர்ந்தவர். அவரும் உடனாசிரியரும் தொகுத்த, பயில்வோர்க்கான அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1954இல் வெளிவந்த அவருடைய வாக்கிய அமைப்பு வழிகாட்டி, வினைகளுக்கேயன்றிப் பெயர்க்கும் பெயரடைக்கும் உரிய அமைப்புகளையும் வகுத்துக் காட்டிற்று. 1986இல் வெளிவந்த பென்சன், பென்சன், இல்சன் ஆகிய மூவரின் சொல்லிணைவு அகராதி, பெயரோடு முன்னிடைச்சொல் சேர்தலையும் பெயரடையோடு முன்னிடைச்சொல் சேர்தலையும் தனித்தனி வகைகளாகவே கொண்டது. பெயரும் பெயரடையும் தமக்குரிய கூட்டாளிகளோடு அறியப்படவேண்டும் என்னும் உண்மை இந்நூல்களால் நிலைபெற்றது.

பட்டியலினும் பெருந்தீங்கு செய்தது மற்றொரு கொள்கை: சொல்லின் இலத்தீன் மூலமே அதன்பின் வரவேண்டிய இடைச்சொல்லை வரையறுக்கும் என்பது. வெறுப்புடைய எனப் பொருள்படும் 'அவேர்ஸ்' என்பது, அப்பால் திரும்பிய என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எனவே நீங்கற்பொருள் தரும் 'ஃபிரொம்' வருதலே முறை. 'டு' வருதல் முறையன்று என்றனர். சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட பேரகராதியும் 'டு' பெருவழக்கினதாதலை ஒப்புக்கொண்டே, அதனைத் தகாதது எனக் குறித்தது. பெருவழக்காயிருப்பது எங்ஙனம் தகாததாகும் என்னும் வினா அவ்விடத்தே எழுகின்றது. 1776இல் வெளிவந்த அணியியல் நூலில் ஜோர்ஜ் காம்பெல், மதிக்கப்பெற்றதும் நாடு முழுதும் பரவியதும் நிகழ்காலத்ததும் ஆகிய வழக்கே மொழிக்கு அளவுகோல் என நிறுவினார். 1926இல் எச். டபிள்யூ. ஃபௌலர், 'அவேர்ஸ்' என்பதன்பின் 'ஃபிரொம்' ஒன்றே வரவேண்டும் என்பதனை அரைகுறைக் கல்வியின் விளைவாகவும், 'டிஃபரன்ட்' என்பதன்பின் 'டு' வரலாகாது என்பதனை மூடநம்பிக்கையாகவும் கண்டித்தார். வினைக்குரிய இடைச்சொல்லையே அதனின்று பிறந்த சொல்லும் கொள்ளவேண்டும் என்னும் வாதமும் நிலைபெறாது: 'அக்கோர்ட்' என்னும் வினை 'வித்' கொள்ள, 'அக்கோர்டிங்' என்பது 'டு' கொள்ளுதலை எவரும் பிழையென்றிலர்.

ஆங்கில இலக்கண நூலார் நூற்றாண்டுகளாகப் பூசலிட்ட இப்பொருளைத் தமிழிலக்கணம் மிகப் பழைய காலத்தே அமைதியாகத் தீர்த்துவைத்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் மூன்றாம் இயல் வேற்றுமை மயங்கியல் எனவே பெயர்பெறும். அச்சப்பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாவதும் ஐந்தாவதும் ஒப்ப உரியன என்பது அவ்வியலிற் கண்ட விதி. புலியை அஞ்சினான் என்பதும் புலியின் அஞ்சினான் என்பதும் வழுவல்ல. பொருள் ஒத்தலின் உருபு வேறுபாடு குற்றமாகாது. பிற்காலத்துப் புலிக்கு அஞ்சினான் என்பதும் வழக்கேறியது. எனினும் எவ்வுருபும் எங்கும் வரலாம் என அவ்வியல் விதிக்கவில்லை. இன்ன பொருட்கண் இன்ன உருபுகள் மயங்கும் என வரையறுத்தே செல்கின்றது. வழக்கை மதித்தலும் வரம்பைக் காத்தலும் ஒருங்கு நிகழும் இம்முறையே ஆங்கில இடைச்சொற்களை ஆய்தற்கும் ஏற்றது.

அவ்வியலே மற்றொரு நுட்பத்துக்கும் வழிகாட்டுகின்றது. 'லவ் ஒவ் கோட்' என்னும் ஆங்கிலத் தொடர் இறைவன் உயிர்கள்மாட்டுக் கொண்ட அன்பையும் உயிர்கள் இறைவன்மாட்டுக் கொண்ட அன்பையும் ஒருங்கே குறிக்கவல்லது. புலி கொல் யானை என்பதும் அத்தகையதே: புலியைக் கொன்ற யானையா, புலியாற் கொல்லப்பட்ட யானையா? இதனைத் தடுமாறு தொழிற்பெயர் எனக் கண்ட ஆசிரியர், பின்வரும் சொல்லே ஐயத்தை அகற்றும் என்றார். ஆங்கிலத்திலும் முன்பின் வரும் சொற்களே பொருளைத் துணிவிக்கும். ஐயம் நீங்கவேண்டின், மக்கள் கொண்ட அன்புக்கு 'ஃபோர்' என்பதனை இட்டுத் தெளிவிப்பர்.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. தமிழில் ஒருவனோடு ஒருத்தி மணம் முடித்தாள் என்னும் வழக்கை நோக்கி 'மரீட் வித்' என எழுதினால் அது பிழையே. ஆங்கில வழக்கு 'டு' என்பதனையே கொள்ளும். உயர்வு, தாழ்வு, மூப்பு, இளமை ஆகியவற்றைக் குறிக்கும் 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'சீனியர்', 'ஜூனியர்' ஆகியனவும் 'டு' என்பதனையே கொள்வன. தமிழின் உறழ்பொருள் உருபு ஈண்டு வழிகாட்டாது. நெறி முடிந்தவிடத்து வழக்கே ஆசிரியன். மனப்பாடத்துக்கு உரிய இடமும் அதுவே.

ஆகவே பரீட்சைத் தாளைத் திருத்துவோர் மூவகை வேறுபாட்டை அறிதல் வேண்டும். அமைப்பை மீறியது ஒன்று. வழக்கை மீறியது ஒன்று. நூலாசிரியர் ஒருவரது விருப்பத்தை மட்டும் மீறியது மற்றொன்று. 'டிஸ்கஸ் அபவுட்' முதல்வகை. 'மரீட் வித்' இரண்டாம் வகை. 'டிஃபரன்ட் டு' மூன்றாம் வகை. முன்னைய இரண்டும் திருத்தத்தக்கன. முதலாவதற்கு விதியும் இரண்டாவதற்குப் பயிற்சியும் மருந்து. மூன்றாவதற்குப் புள்ளி குறைத்தல் நீதியன்று. இவ்வேறுபாடு உணரப்படாதவிடத்து, நல்லறிவுடைய மாணவனும் ஆங்கிலம் காரணமற்ற கட்டளைகளின் தொகுதி என எண்ணிச் சோர்வான். தன் தாய்மொழியின் வேற்றுமையை ஊன்றிக் கற்றவனோ அயன்மொழியின் குறுஞ்சொல்லிலும் அதே தொழிலைக் கண்டு தெளிவான்.