அழைக்கும் பெயர்

திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் இருப்பவர் வேதகிரீசுவரர். அடிவாரத்துத் தாழக்கோயிலில் இருப்பவர் பக்தவத்சலேசுவரர். இருவரும் ஒருவரே என்பது படியேறி இறங்குகிற எந்தப் பாட்டிக்கும் தெரியும். பெயர் வேறுபட்டால் கடவுளும் வேறாகிவிடுவாரோ என்ற கவலை நம் கோயில்களுக்கு இருந்ததில்லை.

பைபிளைத் தமிழாக்கியவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. கடவுள் ஒருவரே, மற்றத் தெய்வங்களோடு அவர் கலக்கமாட்டார் என்பது அவர்கள் சமயத்தின் உயிர்நிலை. அவருக்குப் பல தெய்வங்களைப் பாடிப் பழகிய ஒரு மொழியில் பெயர் தேட வேண்டியிருந்தது.

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வெளிவந்தது. அதன் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. தம்பிரான் என்பது சைவ மடத்தில் வழங்கிய சொல். பிறகு கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்று நிலைப்படுத்திக் கொண்டார்கள். கழுக்குன்றத்து மலைமேல் இருக்கிற அதே ஈசுவரன்தான், 'சர்வ' என்ற கிரீடத்தோடு. 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கும் அச்சொல்லையே எடுத்தாண்டார். 1772-ல் ஃபப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். தாயுமானவர் பராபரக்கண்ணி பாடிய அதே நூற்றாண்டு அது. 1871-ல் பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பில் 'தேவன்' வந்தது.

எனக்கு இவற்றில் மிகவும் சோகையாகப் படுவது இந்தத் 'தேவன்'தான். முப்பத்து முக்கோடியில் ஒருவனுக்கும் அதுதான் பெயர். போதாததற்கு, 'தேவன் சொன்னார்', 'தேவன் வந்தார்' என்று ஒருமைப் பெயருக்கு மரியாதை வினையை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த முடிச்சிலேயே ஜெபிக்கக் கற்றுக்கொண்ட சபைகள், பின்னால் திருத்திய மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்று கொண்டுவந்து வைத்தபோது அதை ஏற்கவில்லை. பண்டிதர் பக்கம் நியாயம் இருந்தது. வாய் பழகிய சொல் மற்றப் பக்கம் இருந்தது.

அதே மொழிபெயர்ப்பில் 'கர்த்தர்' என்பது வேறு விஷயம். எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர் நான்கு மெய்யெழுத்துக்கள். யூதர்கள் அதைக் கண்ணால் பார்ப்பார்கள், வாயால் சொல்லமாட்டார்கள். அவ்விடத்தில் 'அதோனாய்', அதாவது 'ஆண்டவர்' என்று வாசிப்பார்கள். கிரேக்கர் அதைக் 'கூரியோஸ்' என்றார்கள். அந்த நான்கு எழுத்தோடு அதோனாயின் உயிர்களைச் சேர்த்துப் படித்ததால் பிறந்ததுதான் 'யேகோவா'. 'கர்த்தர்' ஒரு பெயரல்ல. பெயரைச் சொல்லாமல் விட்ட மரியாதை. புருஷன் பெயரைச் சொல்லாமல் 'அவர்' என்றே காலம் தள்ளிய நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கலப்பில்லாத பெயரைத் தேடிப் போனால் என்ன ஆகும்? நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்த சவேரியார் 1549-ல் ஜப்பானுக்குப் போனார். கடவுளுக்கு 'தைநிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது ஒரு புத்தரின் பெயர் என்று பிற்பாடு தெரிந்தது. உடனே அதை விட்டுவிட்டு, 'தெயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே சொல்லத் தொடங்கினார். களங்கமில்லாத சொல்தான். ஆனால் அதைச் சொல்லி அழுத ஒரு தாய் அந்த நாட்டில் அதுவரை இல்லை. தமிழில் அந்த வழியை மேற்கொள்ளாதது நம் அதிர்ஷ்டம் என்பேன். கோயிலிலிருந்து கடன் வாங்கிய சொல்லில் ஏற்கெனவே கண்ணீரின் உப்பு இருந்தது.

1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கரின் பூசை தமிழுக்கு வந்தது. 'சர்வேசுரன்' மெல்ல விடைபெற்றார். 'அர்ச்சியசிஷ்ட' என்ற பல்லை உடைக்கும் சொல்லும் போய், 'புனித' வந்தது. 'சேசு' என்று அழைத்துப் பழகியவர்கள் 'இயேசு' என்றார்கள். இரு தரப்பாரும் கூடி உழைத்த திருவிவிலியம் 1995-ல் வெளிவந்தது. அதில் 'கடவுள்', 'ஆண்டவர்'. நல்ல, தெளிவான தமிழ். கதை படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஆனால் சர்வேசுரனை அழைத்தே பிள்ளை பெற்று, பிள்ளையைப் புதைத்த ஒரு கிழவியிடம், இனி அவர் பெயர் இது என்று சொல்லும் உரிமை எந்த மொழிபெயர்ப்புக் குழுவுக்கும் உண்டா என்று தெரியவில்லை.

பெரும்பாலான புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாசிப்பது 1871-ன் பைபிள்தான். செங்கல்பட்டில் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கோயிலில் 'ஆண்டவர்' என்றும் இன்னொன்றில் 'கர்த்தர்' என்றும் அழைக்கிறார்கள்.